கந்தகத்தை எந்த இடத்தில் பிரிப்பது? தூய பெட்ரோலுக்கும் டீசலுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் முன்னுள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் ஓர் அலகுக்குள் 1 சதவீதக் கந்தகம் கொண்ட எண்ணெய் செல்வதாக வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்று சொல்லும் பிபிஎம் கணக்கில் அது 10,000. கந்தகத்தைப் பிரிக்கும் வினை நடக்கும் வினைகலனிலிருந்து சூடாக வெளியேறும் எண்ணெயைக் கொண்டே உள்ளே போகும் எண்ணெயைச் சூடேற்றுவது வழக்கம். அதற்கான வெப்பமாற்றியின் குழாய் ஒன்றில் ஊசித்துளை விழுந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு எண்ணெய் வினைகலனுக்குள் போகாமலே மறுபக்கம் கலந்துவிட்டால், அந்தக் கசிவு மட்டுமே 10 பிபிஎம் கந்தகத்தைச் சேர்த்துவிடும். இன்று பல நாடுகளில் டீசலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 10 பிபிஎம்தான். எனவே வினையூக்கி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அன்றைய உற்பத்தி தரச் சோதனையில் தோற்றுவிடும். 350 பிபிஎம் வரை அனுமதி இருந்த காலத்தில் இதே கசிவு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அந்தக் காலம் அதிகத் தொலைவில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2000ஆம் ஆண்டு டீசலுக்கு 350 பிபிஎம்மாக இருந்த வரம்பு, 2005இல் 50ஆகவும் 2009இல் 10ஆகவும் இறங்கியது. அமெரிக்கா 2006இல் நெடுஞ்சாலை டீசலுக்கு 15 பிபிஎம் வரம்பைக் கொண்டுவந்து, 2017 முதல் பெட்ரோலுக்கு ஆண்டுச் சராசரி 10 பிபிஎம் என்று விதித்தது. இந்தியா 2020 ஏப்ரலில், இடையிலிருந்த ஒரு படியைத் தாண்டி, 50இலிருந்து நேராக 10க்கு வந்தது. கந்தக டை ஆக்சைடு நேரடியாகக் காற்றில் கலப்பதைத் தடுப்பது மட்டும் இந்த விதிகளின் நோக்கமன்று. வண்டியின் புகைபோக்கியில் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றியும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கரித்துகளையும் அடக்கும் கருவிகளும் கந்தகத்தால் நஞ்சூட்டப்பட்டுச் செயலிழக்கின்றன. அவற்றைக் காப்பாற்றவே எரிபொருளில் கந்தகம் ஏறக்குறைய இல்லாமற்போக வேண்டியிருக்கிறது.

வரம்பு இவ்வளவு இறங்கிய பிறகு, கந்தகத்தை நீக்க முடியுமா என்பது ஒரு கேள்வியாக நிற்பதில்லை. முடியும் என்பது தெரிந்த செய்தி. ஆலையின் எந்த இடத்தில் நீக்குவது, அதற்கான விலையை, கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் ஹைட்ரஜனாகக் கொடுப்பதா, பெட்ரோல் எஞ்சினில் தட்டாமல் எரியும் தரத்தைக் காட்டும் ஆக்டேன் எண்ணாகக் கொடுப்பதா, முதலீடாகக் கொடுப்பதா என்பதே முடிவெடுப்பவர் முன்னுள்ள கேள்வி. கீழே ஒப்பிடப்படும் வழிகள் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டுகின்றன.

கச்சா எண்ணெயை மாற்றுவது

எவருக்கும் முதலில் தோன்றும் வழி, கந்தகம் குறைந்த கச்சா எண்ணெயை வாங்குவதுதான். புதிய அலகு எதையும் கட்ட வேண்டாம், அடுத்த கப்பலிலேயே தொடங்கிவிடலாம் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் சந்தையில் கந்தகம் குறைந்தது என்ற பெயரில் விற்கும் எண்ணெயிலேயே 0.5 சதவீதம் வரை, அதாவது 5,000 பிபிஎம் வரை, கந்தகம் இருக்கலாம். அதிலிருந்து வடிக்கப்படும் டீசலுக்கும் ஹைட்ரஜன் சுத்திகரிப்பு தேவைப்படும். சுமை குறையுமே தவிர வேலை நீங்காது. மேலும் எல்லா ஆலைகளும் ஒரே ஆண்டில் புதிய விதிக்குள் வரும்போது, எல்லாரும் தேடுவதும் இதே எண்ணெயைத்தான். அந்த விலை வேறுபாட்டை ஆண்டுதோறும் கட்டிக்கொண்டிருப்பதைவிட, அதே பணத்தில் ஓர் அலகைக் கட்டுவது பெரும்பாலான ஆலைகளுக்கு மலிவாக முடியும். புதிய அலகு தயாராகும் வரையிலான இடைக்கால ஏற்பாடாக மட்டுமே இதைக் கருதலாம் என்பது என் கருத்து.

பெட்ரோல்: உடைப்பதற்கு முன்பா, பின்பா?

பெட்ரோல் என்பது ஆலையின் ஒரே அலகிலிருந்து வரும் பொருளன்று. ஐந்தாறு ஓடைகளைக் கலந்து செய்யப்படும் கலவை. அவற்றில் மூலக்கூறுகளை மாற்றியமைத்து ஆக்டேனை உயர்த்தும் ரிஃபார்மரிலிருந்து வருவதும், தனி அலகுகளில் செய்யப்படும் ஆல்கைலேட், ஐசோமரேட் என்ற ஓடைகளும் கந்தகம் அநேகமாக இல்லாதவை. கனமான எண்ணெயைச் சிறு மூலக்கூறுகளாக உடைக்கும் எஃப்.சி.சி. என்ற வினையூக்கிப் பிளப்பு அலகிலிருந்து வரும் நாப்தா என்ற இலேசான எண்ணெய்தான் பிரச்சினையின் ஊற்று. கலவையில் அதன் பங்கு வழக்கமாக மூன்றில் ஒன்றைச் சுற்றியே இருந்தாலும், கந்தகத்தில் 90 சதவீதம் அளவுக்கு அதிலிருந்தே வருகிறது. எனவே பெட்ரோலைப் பொறுத்தவரை முடிவு ஒன்றுதான்: எஃப்.சி.சி. அலகுக்குள் போகும் எண்ணெயைச் சுத்தம் செய்வதா, அல்லது வெளியே வரும் நாப்தாவைச் சுத்தம் செய்வதா?

முன்னதாகச் சுத்தம் செய்வதன் பலன்கள் கந்தகத்தோடு நிற்பதில்லை. அதிக அழுத்த ஹைட்ரஜன் கனமான எண்ணெயிலுள்ள நைட்ரஜனையும் உலோகங்களையும் குறைத்து, பென்சீன் வகை நறுமண வளையங்களின் இரட்டைப் பிணைப்புகளையும் ஓரளவு நிரப்பிவிடுவதால், உடைக்கும்போது பெட்ரோல் விளைச்சல் கூடுகிறது, வினையூக்கியின் மேல் படியும் கரி குறைகிறது, அந்தக் கரியை எரிக்கும் மீளாக்கக் கலனின் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடும் குறைகிறது. ஆனால் இதற்குத் தடித்த சுவருடைய பெரிய வினைகலன்களும் ஏராளமான ஹைட்ரஜனும் வேண்டும். அத்தனை செலவு செய்தும், உள்ளே போகும் எண்ணெயை 1,000 பிபிஎம் அளவுக்குக் கொண்டுவந்தால்கூட நாப்தாவில் பல பத்து பிபிஎம் மிஞ்சும். 50 பிபிஎம் வரம்புக்கு இது தனியாகவே போதுமானதாக இருந்தது. 10 பிபிஎம் வரம்புக்குப் பெரும்பாலும் பின்சுத்திகரிப்பும் சேர்ந்தே தேவைப்படுகிறது.

பின்னதாகச் சுத்தம் செய்யும் அலகு அளவில் சிறியது, அழுத்தமும் குறைவு. அதன் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எஃப்.சி.சி. நாப்தாவின் ஆக்டேன் எண்ணுக்குப் பெரிதும் பொறுப்பானவை ஒலிஃபின்கள் எனப்படும் இரட்டைப் பிணைப்பு மூலக்கூறுகள். ஹைட்ரஜனை விட்டால் அது கந்தகத்தை மட்டும் தேடிப் போவதில்லை. ஒலிஃபின்களையும் நிரப்பி ஆக்டேன் எண்ணைப் பல புள்ளிகள் வீழ்த்திவிடும். நல்வாய்ப்பாக, இயற்கையே ஒரு பிரிவினையைச் செய்து வைத்திருக்கிறது: ஒலிஃபின்கள் நாப்தாவின் இலேசான பகுதியிலும், பிரிக்கக் கடினமான கந்தகச் சேர்மங்கள் கனமான பகுதியிலும் செறிந்துள்ளன. ஆகவே முதலில் மென்மையான நிலையில் மெர்காப்டன்கள் எனப்படும் இலேசான கந்தகச் சேர்மங்களைக் கனமான சல்ஃபைடுகளாக மாற்றி, பிறகு நாப்தாவை வடித்து இரண்டாகப் பிரித்து, கனமான பகுதியை மட்டும் கோபால்ட்–மாலிப்டினம் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜனோடு செலுத்துகிறார்கள். இவ்வாறு செய்யும்போது ஆக்டேன் இழப்பு ஓரிரு புள்ளிகளோடு நிற்கும்.

கடைசிச் சில பிபிஎம்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கவனித்தால் இந்த முறையின் நுட்பமும் எல்லையும் புரியும். பிரிந்துவந்த கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக அதே கலனுக்குள்தான் இருக்கிறது. அங்கே மிஞ்சியிருக்கும் ஒலிஃபினோடு அது மீண்டும் சேர்ந்து புதிய மெர்காப்டனை உண்டாக்குகிறது. வாசல் வழியே அனுப்பியது கொல்லை வழியே திரும்பி வருவதைப் போன்ற நிலை இது. அதை ஒடுக்க வெப்பநிலையை உயர்த்தினால் ஒலிஃபின்கள் அழிகின்றன. அதனால் 10 பிபிஎம் இலக்குக்கு வரும்போது, இரண்டு கட்டங்களாகப் பிரித்து நடுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியேற்றும் அமைப்பு தேவைப்படுவதுண்டு.

இந்த இடத்தில்தான் உறிஞ்சு முறை மாறுபட்டு நிற்கிறது. ‘எஸ் ஸோர்ப்’ என்ற பெயரில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு, 2007இல் சீனாவின் சினோபெக் நிறுவனம் உரிமையை வாங்கிப் பரவலாக்கிய இம்முறையில், நிக்கலும் துத்தநாக ஆக்சைடும் கொண்ட துகள்கள் கந்தக அணுவைத் துத்தநாக சல்ஃபைடாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு கலனில் தங்காததால் மெர்காப்டன் மீண்டும் உருவாவதில்லை. ஹைட்ரஜன் செலவும் குறைவு. ஆனால் துகள்களைத் தொடர்ந்து வெளியே எடுத்து எரித்து மீளாக்க வேண்டும். அப்போது வெளிவரும் கந்தக டை ஆக்சைடுக்கு ஒரு போக்கிடம் காட்ட வேண்டும். நகரும் துகள்களோடு வேலை செய்த அனுபவம் இல்லாத ஆலைக்கு இதை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். வால்வு தேய்மானமும் துகள் உடைதலும் காகிதத்தில் போடும் கணக்கில் தெரியாத செலவுகள்.

இழந்த ஆக்டேனை மீட்பது

ஓரிரு புள்ளிதானே என்று விட்டுவிட முடியாது. ஆலையின் மொத்தப் பெட்ரோலிலும் ஒரு புள்ளி குறைவதென்பது பெரிய இழப்பு. காரீயம் கலந்து ஈடுகட்டும் வழி முற்றாக அடைபட்டுவிட்டது. 2021இல் அல்ஜீரியா கடைசியாகக் கைவிட்டதோடு, சாலை வாகனங்களுக்கான காரீயப் பெட்ரோல் உலகிலிருந்தே நீங்கியது. ரிஃபார்மரை இன்னும் கடுமையாக ஓட்டினால் ஆக்டேன் ஏறும், உபரியாக ஹைட்ரஜனும் கிடைக்கும். ஆனால் அது தருவது நறுமணச் சேர்மங்கள். ஐரோப்பியத் தரத்தில் அவற்றுக்கு 35 சதவீதமும், அவற்றுள் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனுக்கு 1 சதவீதமும் உச்சவரம்பு இருப்பதால், அந்தப் பாதை விரைவில் முட்டிக்கொள்ளும். ஐசோமராக்கம் எளிமையானது, இலேசான நாப்தாவின் நேர்கோட்டு மூலக்கூறுகளைக் கிளைத்தவையாக மாற்றுவது. அத்துடன் பென்சீனையும் நிரப்பிவிடும். முதலீட்டுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் பல ஆலைகளுக்கு முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுவே.

தரத்தில் ஆல்கைலேட்டுக்கு நிகரில்லை: நறுமணச் சேர்மம் இல்லை, ஒலிஃபின் இல்லை, கந்தகம் அநேகமாக இல்லை, ஆக்டேன் எண் 95 அளவில் இருக்கும். விலை, அதைச் செய்ய வினையூக்கியாகப் பயன்படும் அமிலத்தில் இருக்கிறது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் சிக்கனமானது, ஆனால் கசிந்தால் கொல்லும் மேகமாகப் பரவக்கூடியது. 2019 ஜூன் 21 அன்று பிலடெல்பியா ஆலையின் ஆல்கைலேஷன் அலகில் நேர்ந்த வெடிப்பில் அந்த அமிலமும் வெளியேறியது, ஆலையே பிறகு மூடப்பட்டது. கந்தக அமிலம் அந்த அளவுக்கு ஆவியாகாது. மாறாகப் பெருமளவில் செலவாகும், அதை மீட்டெடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். திரவ வடிவிலுள்ள உப்பான அயனித் திரவத்தை வினையூக்கியாகக் கொண்ட முறை 2021 முதல் சால்ட் லேக் நகரில் இயங்குகிறது. மக்கள் குடியிருப்பை ஒட்டிய ஆலையில் புதிதாக ஹைட்ரோஃபுளூரிக் அமில அலகு கட்டுவதை, எவ்வளவு மிச்சம் காட்டினாலும், நான் ஏற்கமாட்டேன்.

வெளியிலிருந்து ஆக்டேனை வாங்கும் வழியாக எத்தனால் இருக்கிறது. அதன் ஆக்டேன் எண் 100க்கு மேல், கந்தகமும் இல்லை. ஆனால் சிறிதளவு கலந்தவுடன் பெட்ரோலின் ஆவியழுத்தம் ஏறிவிடுவதால், அதற்கு இடம்விட ஆலை மலிவான பியூட்டேனை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். தண்ணீரை இழுக்கும் குணத்தால் எத்தனாலை ஆலையில் கலக்காமல், லாரிகள் நிரப்பும் கிடங்கில் கலப்பதே வழக்கம். எம்.டி.பி.இ. என்ற ஈதருக்கு இத்தொல்லைகள் குறைவு என்றாலும், நிலத்தடி நீரில் கலந்த அனுபவத்தால் கலிபோர்னியா உள்ளிட்ட பல இடங்களில் அது தடைசெய்யப்பட்டுள்ளது.

டீசல்: சுவரின் தடிமன்தான் தீர்மானிக்கிறது

டீசலில் ஆக்டேன் கவலை இல்லை. ஹைட்ரஜன் எதை நிரப்பினாலும், டீசல் எளிதில் பற்றிக்கொள்வதைக் காட்டும் சீட்டேன் எண் உயரத்தான் செய்யும். இங்கே எதிரி ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு. சாதாரண சல்ஃபைடுகளும் தயோஃபீன்களும் எளிதில் பிரிந்துவிடும். 500 பிபிஎம் வரை இறங்குவதற்கு அவற்றை நீக்கினாலே போதும். அதற்குக் கீழே போகும்போது மிஞ்சி நிற்பது 4,6-டைமெத்தில் டைபென்சோதயோஃபீன் போன்ற சேர்மங்கள். இதில் கந்தக அணுவின் இருபுறமும் இரண்டு மெத்தில் குழுக்கள் காவலாள்போல் நின்று, அணு வினையூக்கியின் பரப்பைத் தொடவிடாமல் மறைக்கின்றன. முதலில் பக்கத்து வளையத்தை ஹைட்ரஜனால் நிரப்பினால் மூலக்கூறு சற்று வளைந்து கந்தகம் வெளிப்படும். பிறகுதான் அதைப் பிடுங்க முடியும். வளையத்தை நிரப்புவதில் நிக்கல்–மாலிப்டினம் வினையூக்கி வல்லது, ஆனால் அதற்கு ஹைட்ரஜன் அழுத்தம் போதுமான அளவு இருக்க வேண்டும்.

இதனால்தான் பழைய அலகைப் புதுப்பிப்பதா, புதிதாகக் கட்டுவதா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் வினைகலனின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் வடிவமைப்பு அழுத்தத்தில் இருக்கிறது. பழைய அலகில் மாற்றக்கூடியவை பல: வினையூக்கியை மேம்பட்டதாக மாற்றலாம், அதை நெருக்கமாக நிரப்பலாம், எண்ணெயும் வாயுவும் படுகை முழுவதும் சீராகப் பரவ நல்ல பகிர்வுத் தட்டுகளைப் பொருத்தலாம், சுழன்றுவரும் வாயுவை அமீன் கரைசலால் கழுவி, வினையைத் தடுக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கலாம், தொடராக இன்னொரு வினைகலனைச் சேர்க்கலாம். மாற்ற முடியாதது எஃகுச் சுவரின் தடிமன் ஒன்றுதான். 60 பாரும் (ஒரு பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) அதற்கு மேலும் தாங்கக்கூடிய கலன் என்றால் புதுப்பிப்பதே அறிவுடைமை. 30 பார் அளவுக்கு வடிவமைத்த பழைய கலன் என்றால், அதில் போடும் பணத்தின் பெரும்பகுதி வீண்தான், எஃப்.சி.சி. அலகின் பிளப்பு டீசல் கலக்காத, நேரடியாக வடித்த எண்ணெயை மட்டும் சுத்தம் செய்ய அதை ஒதுக்கிவிட்டு, மற்றதற்குப் புதிய அலகைக் கட்டலாம்.

அழுத்தக் குறைவை வெப்பத்தால் ஈடுகட்ட நினைப்பவர்கள் உண்டு. சிறிது காலம் அது பலிக்கும். ஆனால் வெப்பநிலை ஏற ஏற வினையூக்கியின் மேல் கரி வேகமாகப் படிந்து அதன் ஆயுள் சுருங்குவதோடு, ஒரு கட்டத்துக்கு மேல் சமநிலையே எதிராகத் திரும்பி, நிரப்பிய வளையங்கள் மீண்டும் நறுமண வளையங்களாக மாறத் தொடங்கும். மாதிரிக் குப்பியில் டீசல் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரத் தொடங்குவது அதன் அடையாளம். கந்தக அளவு இன்னும் வரம்புக்குள் இருக்கும்; நிறமோ, வினையூக்கியின் ஆயுளின் இறுதி நெருங்கிவிட்டதைச் சொல்லிவிடும்.

செலவில்லாத ஒரு வழியையும் சொல்ல வேண்டும். அந்தப் பிடிவாதமான மூலக்கூறுகள் டீசலின் கனமான முனையில், கொதிநிலை சுமார் 340 டிகிரி செல்சியஸை நெருங்கும் பகுதியில், செறிந்திருக்கின்றன. வடிகோபுரத்தில் டீசலின் மேல் எல்லையைச் சற்றுக் குறைத்து வெட்டினால் கந்தகச் சுமை வியக்கத்தக்க அளவு இறங்கும். இழப்பது டீசலின் அளவை. வெட்டியெடுத்த பகுதி எஃப்.சி.சி. அலகுக்கோ, ஹைட்ரஜனோடு எண்ணெயை உடைக்கும் ஹைட்ரோகிராக்கருக்கோ போகும். வினையூக்கியின் கடைசி மாதங்களைக் கடக்க இதைவிடக் கைகொடுக்கும் உத்தி இல்லை.

100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோகிராக்கர் இந்தத் தொல்லைகளை எல்லாம் ஒரே வீச்சில் தீர்க்கும்: கனமான எண்ணெயை உடைத்துக் கந்தகமற்ற, சீட்டேன் மிகுந்த டீசலாகவே தரும். ஆனால் இதுதான் முதலீட்டிலும் ஹைட்ரஜன் செலவிலும் எல்லாவற்றிலும் பெரியது. கந்தகத்தைக் குறைப்பதற்காக மட்டும் இதைக் கட்டுவது ஆலையின் கணக்கில் நிற்காது. டீசல், விமான எரிபொருள் உற்பத்தியைக் கூட்ட வேண்டிய தேவையும் சேர்ந்திருந்தால் நிற்கும்.

ஹைட்ரஜனும் கந்தகமும்

மேலே சொன்ன ஒவ்வொரு வழியும் இரண்டு கேள்விகளைப் பின்னால் இழுத்துவருகிறது. ஹைட்ரஜன் எங்கிருந்து வரும்? பிரித்த கந்தகம் எங்கே போகும்? பல திட்டங்கள் தடுமாறுவது இங்கேதான், ஏனெனில் முதன்மை அலகின் மதிப்பீட்டில் இவை அடிக்குறிப்பாக ஒதுக்கப்படுகின்றன.

இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரியச் செய்து ஹைட்ரஜன் எடுப்பதே வழக்கமான முறை. ஒரு டன் ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 முதல் 10 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். வண்டியின் புகையைத் தூய்மையாக்க ஆலையின் புகை கூடுகிறது என்ற முரணை மறைப்பதில் பயனில்லை. மின்னாற்பகுப்பு அதைத் தவிர்க்கும், ஆனால் ஒரு கிலோவுக்கு 50 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் கேட்கும். இவ்விரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, ஆலையிலேயே எரிவாயுவோடு எரிந்துபோகும் ஹைட்ரஜனை, அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பிற வாயுக்களைப் பிரிக்கும் அழுத்தமாற்ற உறிஞ்சுமுறையால் மீட்டெடுப்பது. அது புதிய ஹைட்ரஜன் ஆலையின் அளவையே குறைத்துவிடக்கூடும்.

கந்தகத்தின் கணக்கு இன்னும் நேரடியானது. ஆண்டுக்கு 1 கோடி டன் கச்சா எண்ணெயை, 2 சதவீதக் கந்தகத்தோடு, கையாளும் ஆலைக்குள் நாளொன்றுக்கு சுமார் 550 டன் கந்தகம் வந்து சேர்கிறது. முன்பு அதில் கணிசமான பகுதி கப்பல் எரிபொருளோடு போய்விடும். 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளின் வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமானதும் அந்தப் போக்கிடமும் சுருங்கிவிட்டது. ஆகவே ஹைட்ரஜன் சல்ஃபைடை அமீன் கரைசலில் பிடித்து, அதன் மூன்றில் ஒரு பங்கை எரித்து, மீதியோடு வினைபுரியச் செய்து மஞ்சள் கந்தகமாக மாற்றும் கிளவுஸ் அலகு, ஆலையின் உயிர்நாடிகளில் ஒன்றாகிவிட்டது. அது நின்றால் சுத்திகரிப்பு அலகுகள் அனைத்தும் சுமையைக் குறைத்தே ஆக வேண்டும். எனவே ஒரே பெரிய கிளவுஸ் அலகைவிட, பாதிக்கும் சற்று அதிகமான திறனுடைய இரண்டு அலகுகளே, விலை கூடினாலும், சரியான தேர்வு.

கலப்புத் தொட்டியை அடைந்த பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. கந்தகத்தோடு சேர்ந்து இயற்கையான உராய்வுத்தடுப்புச் சேர்மங்களும் டீசலிலிருந்து நீங்கிவிடுவதால், எரிபொருள் பம்ப் தேயாமலிருக்கச் சேர்மானம் கலக்க வேண்டும். ஐரோப்பியத் தரம் சோதனையில் விழும் தேய்மான வடுவை 460 மைக்ரானுக்குள் வைக்கச் சொல்கிறது. விமான எரிபொருளில் 3,000 பிபிஎம் வரை கந்தகம் அனுமதிக்கப்படுவதால், ஒரே குழாயில் அதன் பின்னால் செல்லும் டீசலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது கலந்தாலே 3 பிபிஎம் ஏறிவிடும். அதனால்தான் 10 பிபிஎம் டீசலை ஆலைகள் 7 அல்லது 8 பிபிஎம்மில் தயாரித்து அனுப்புகின்றன. வினையூக்கியின் அளவையும் அந்த எண்ணுக்கே கணக்கிட வேண்டும், விதியிலுள்ள எண்ணுக்கு அல்ல.

முடிவெடுக்கும் வரிசையைப் பற்றி ஒன்று சொல்வேன். முதலில் ஹைட்ரஜன் வரவு செலவை, ஆலை வாங்க நேரும் மிக மோசமான கச்சா எண்ணெயை வைத்து எழுத வேண்டும். சராசரி எண்ணெயை வைத்து எழுதினால் வினையூக்கியின் ஆயுள் உறுதிமொழி முதல் ஆண்டிலேயே பொய்க்கும். அடுத்து, இருக்கும் வினைகலன்களின் அழுத்தத்தைப் பார்த்து டீசல் முடிவை எடுக்கலாம். பெட்ரோல் முடிவு அதற்குப் பிறகுதான்: ஹைட்ரஜன் மிஞ்சுகிறது, கந்தகம் மிகுந்த கனமான எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்றால் முன்சுத்திகரிப்போடு சிறிய பின்சுத்திகரிப்பு, இல்லையென்றால் பின்சுத்திகரிப்பும் ஐசோமராக்கமும் மட்டும். தடித்த சுவருடைய கலன்கள் செய்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். பழைய குழாயோடு புதியதை இணைப்பதோ, நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரிய பராமரிப்பு நிறுத்தத்தில்தான் முடியும். கலனுக்கான ஆணையை அந்த நிறுத்தத்தின் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் கொடுக்க வேண்டும்.